லண்டனுக்குப் போகிற கட்டு: நாவல் பிரதியை அச்சடித்து முகவருக்கு அனுப்புவது எப்படி

"சேர், ஸ்பைரல் போட்டுத் தரவா? முன்னுக்கு பிளாஸ்டிக், பின்னுக்கு நீல மட்டை, பார்க்க எடுப்பா இருக்கும்."

ஹட்டனில் ஒரு கொமியூனிகேஷன் கடைத் தம்பி இப்படிக் கேட்டான், நானும் தலையை ஆட்டிவிட்டேன். முன்னூறு பக்கத்துக்குக் கொஞ்சம் குறைந்த நாவல், நானே தமிழில் எழுதி நானே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனது, இரண்டு வருட ராத்திரி வேலை, அதை ஒரு மட்டைகூட இல்லாமல் அனுப்ப மனசு வரவில்லை. வீட்டுக்கு வந்து, நான் அனுப்ப நினைத்திருந்த லண்டன் இலக்கிய முகவரின் இணையப் பக்கத்தை ஆற அமர இன்னொரு தடவை வாசித்தபோதுதான் கண்ணில் பட்டது: பைண்ட் பண்ண வேண்டாம், ஸ்டேப்ளர் அடிக்க வேண்டாம், தாள்கள் தனித்தனியாக இருக்கட்டும், முதல் மூன்று அத்தியாயம் போதும். ஸ்பைரலை உருவி எடுத்தால் ஒவ்வொரு தாளிலும் இடது பக்கம் வரிசையாக ஓட்டை. அந்தக் கட்டு இன்னும் வீட்டில்தான் கிடக்கிறது, மகள் அதன் பின்பக்கத்தில் கணக்குப் போடுகிறாள்.

உங்கள் காசும் தாளும் அப்படி வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். நான் இதில் பெரிய ஆள் இல்லை. ஏழு பேருக்கு அனுப்பினேன், இரண்டு பேர் பதில் போட்டார்கள், இரண்டிலும் 'வேண்டாம்'தான். ஆனால் பிரதி தயாரிப்பதில் விடக்கூடிய பிழைகளில் முக்கால்வாசியை நானே விட்டுப் பார்த்தாகிவிட்டது.

முகவர் என்றால் யார் என்று கேட்பவர்களுக்காக இரண்டு வார்த்தை. தமிழில் நமக்கு அந்தப் பழக்கமே இல்லை. எழுதியதை நேரே பதிப்பாளர் கையில் கொடுப்போம், இல்லாவிட்டால் சொந்தக் காசில் அடித்து வெளியீட்டு விழாவில் தெரிந்தவர் தலையில் கட்டுவோம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெரிய பதிப்பகங்கள் பெரும்பாலும் முகவர் கையால் வராத பிரதியைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. முகவர் உங்கள் பிரதியைப் பதிப்பாளரிடம் கொண்டுபோய் விலை பேசுவார், உங்களுக்கு வருகிற பணத்தில் வழக்கமாக 15 சதவீதம் எடுப்பார், வெளிநாட்டு உரிமை, மொழிபெயர்ப்பு உரிமை என்றால் 20 வரை போகும். உங்களுக்குக் காசு வந்தால்தான் அவருக்கும் காசு. வாசித்துப் பார்க்கவே இவ்வளவு கட்டு என்று யாராவது கேட்டால் அந்த ஆளை அப்படியே விட்டுவிடுங்கள்.

அடுத்தது, அச்சடிக்கத்தான் வேண்டுமா என்று பாருங்கள். இன்றைக்கு அநேகமான முகவர்கள் மின்னஞ்சலிலோ தங்கள் இணையப் பக்கத்துப் படிவத்திலோதான் வாங்குகிறார்கள். தாளில் கேட்பவர்கள் குறைவு. மின்னஞ்சல் மட்டும் என்று போட்டிருக்கிறவருக்குத் தபாலில் அனுப்பினால் அது குப்பைக்குத்தான் போகும், அங்கே 'நம்ம பிள்ளை தூரத்திலிருந்து அனுப்பியிருக்கு' என்று எடுத்துப் பார்க்க ஆள் கிடையாது. ஒவ்வொரு முகவருக்கும் ஒவ்வொரு விதி: ஒருவர் மூன்று அத்தியாயம் கேட்பார், ஒருவர் 50 பக்கம், ஒருவர் வெறும் கடிதமும் கதைச்சுருக்கமும். நான் இங்கே சொல்வது பொது வழக்கம், அவர் எழுதிவைத்திருப்பது இதற்கு மாறாக இருந்தால் அவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். விருதுகளுக்கும் அப்படித்தான். மைக்கேல் ஒண்டாச்சி 1992இல் தொடங்கிவைத்த கிரேஷியன் விருது, நாட்டிலேயே இருந்துகொண்டு ஆங்கிலத்தில் எழுதுகிற இலங்கையருக்கானது, அச்சில் வராத பிரதிகளையும் எடுத்துக்கொள்கிறது, அதற்கும் அந்தந்த வருட விதியைப் பார்த்துவிட்டே அச்சடியுங்கள்.

யாருமே தாளில் கேட்காவிட்டாலும் ஒரு தடவை உங்களுக்காக அச்சடித்து வாசியுங்கள் என்பேன். திரையில் இருபது தடவை பார்த்தும் ஒளிந்துகொண்டிருந்த பிழை தாளில் முதல் பக்கத்திலேயே பல்லைக் காட்டும்.

சரி, பக்கத்துக்கு வருவோம். தாள் ஏ4, நாலு பக்கமும் ஒரு அங்குலம், அதாவது 2.54 சென்டிமீற்றர் ஓரம். எழுத்துரு டைம்ஸ் நியூ ரோமன், அளவு 12 புள்ளி, நிறம் கறுப்பு. வரிகளுக்கு நடுவே இரட்டை இடைவெளி. தாளின் ஒரு பக்கம் மட்டும். வலது ஓரத்தை நேராக வெட்டின மாதிரி இழுக்க வேண்டாம், இடது பக்கம் மட்டும் ஒழுங்காக நிற்கட்டும், வலது பக்கம் ஏற்ற இறக்கமாகப் போகட்டும். புதுப் பந்தி தொடங்கும்போது 1.27 சென்டிமீற்றர் உள்ளே தள்ளுங்கள், பந்திக்கும் பந்திக்கும் நடுவே வெற்று வரி விடாதீர்கள். காட்சி மாறுகிற இடத்தில் நடுவே ஒரு நட்சத்திரமோ (*) கட்டக் குறியோ (#) வைத்தால் போதும். அத்தியாயம் ஒவ்வொன்றும் புதுப் பக்கத்தில், பக்கத்தின் மூன்றில் ஒரு பங்கு கீழே இறங்கித் தொடங்கும்.

இரட்டை இடைவெளி விடும்போது நம் ஆட்களுக்கு வயிறு எரியும், எனக்கும் எரிந்தது. ஒரு பக்கத்தில் 250, 300 சொல்தான் நிற்கும், 80,000 சொல் நாவல் 270இலிருந்து 320 பக்கம் வரை போகும். இடைவெளியைக் குறைத்து, எழுத்தை 10 ஆக்கி, இரண்டு பக்கமும் அடித்தால் 80 தாளுக்குள் முடித்துவிடலாமே என்று கணக்குப் போடாத ஆள் கிடையாது. செய்யாதீர்கள். நாள் முழுக்க இதையே வாசிக்கிற ஒருவரின் கண்ணுக்கு நெருக்கி அடித்த பக்கம் வேலை கூடுதல் என்று மட்டும்தான் சொல்லும். வரிகளுக்கு நடுவே பேனா ஓடவும் இடம் வேண்டும், இந்தப் பழக்கமே டைப்ரைட்டர் காலத்தில் அதற்காக வந்ததுதான்.

வேர்டில் தாளின் அளவு 'லெட்டர்' என்று இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அது அமெரிக்கத் தாள், 216க்கு 279 மில்லிமீற்றர். நம் ஏ4 210க்கு 297. நம் கொம்பியூட்டர்களில் பாதி யாரோ எப்போதோ போட்டுவிட்ட மென்பொருளில் ஓடுகிறவை, அளவு லெட்டரிலேயே கிடக்கும், கடையில் ஏ4 தாளில் அடிக்கும்போது பிரிண்டர் அதைச் சுருக்கி ஒரு பக்கம் தள்ளிவிடும். கடைசி நேரத்தில் மாற்றினால் பக்க எண் எல்லாம் குழம்பும், ஆகவே முதல் வேலையாக இதைச் சரிபண்ணுங்கள்.

ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் மூன்று விஷயம் வேண்டும்: உங்கள் பெயர், நாவலின் தலைப்பு, பக்க எண். தாள்கள் கட்டப்படாமல் தனித்தனியாகப் போகின்றன, அங்கே யாராவது கையிலிருந்து நழுவவிட்டால் திரும்ப அடுக்க வேறு வழியில்லை. எண் முதலிலிருந்து கடைசி வரை ஒரே ஓட்டமாகப் போக வேண்டும், அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஒன்றிலிருந்து தொடங்கக் கூடாது. இதைக் கையால் அடிக்காதீர்கள், 'ஹெடர்' என்கிற இடத்தில் ஒரு தடவை போட்டால் எல்லாப் பக்கத்துக்கும் அதுவே ஓடும்.

பெயரில்தான் நமக்கு ஒரு சிக்கல். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்து, அப்புறம் நம் பெயர், அவ்வளவுதான். 'சர்நேம்' என்று கேட்ட இடத்தில் நான் அப்பா பெயரை முழுசாகப் போட்டுவிட்டேன், பக்கத் தலைப்பிலும் அதுவே ஓடியது. வந்த இரண்டு பதிலில் ஒன்று 'டியர் மிஸ்டர் பெருமாள்' என்று தொடங்கியது. எங்கள் அப்பா தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர், செத்துப் பதினொரு வருடம், வாழ்நாளில் அவருக்கு வந்த கடிதங்களை ஒரு கையில் எண்ணலாம், அவர் பெயருக்கு லண்டனிலிருந்து உங்கள் நாவல் எங்களுக்குப் பொருந்தவில்லை என்று ஒரு கடிதம். அம்மா அதை வாங்கிச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். நீங்கள் எந்தப் பெயரில் புத்தகம் வர வேண்டும் என்று நினைக்கிறீர்களோ, அந்த ஒரே பெயரைக் கடிதம், முதல் பக்கம், பக்கத் தலைப்பு, மின்னஞ்சல் எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் போடுங்கள்.

முதல் தாளில், அதாவது தலைப்புப் பக்கத்தில், மேலே இடது மூலையில் பெயர், முகவரி, மின்னஞ்சல், தொலைபேசி. தொலைபேசி எண்ணில் முன்னால் இருக்கும் பூச்சியத்தை எடுத்துவிட்டு +94 போட வேண்டும். வலது மூலையில் மொத்தச் சொற்கள், ஆயிரத்துக்கு முழுமையாக்கி எழுதினால் போதும், 81,347 என்றெல்லாம் வேண்டாம். நடுவே தலைப்பு, அதற்குக் கீழே உங்கள் பெயர். மொழிபெயர்ப்பு என்றால் இரண்டு பேர் பெயரும் வர வேண்டும், மூல ஆசிரியர் வேறொருவர் என்றால் அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி வைத்திருக்கவும் வேண்டும், வாய்ப்பேச்சு ஒத்துவராது.

முகவரி எழுதுவது லேசான காரியம் மாதிரித் தெரியும். தோட்டத்தில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, நம்பர் இருக்கும், தெரு இருக்காது, தபால் நேரே வீட்டுக்கு வராமல் தோட்ட ஆபீசுக்குப் போய் அங்கே ஒரு பெட்டியில் எத்தனை நாள் கிடக்கும் என்று சொல்ல முடியாது. மழையில் நனைந்த கடிதத்தை இரண்டு மாசம் கழித்து வாங்கியவர்கள் நம் மத்தியில் நிறையப் பேர். நான் டவுனில் கடை வைத்திருக்கும் மச்சானின் முகவரியைக் கொடுத்துவிட்டேன், கடைசி வரியில் ஹட்டன் 22000, ஸ்ரீலங்கா என்று. அப்படி ஒரு ஆள் இல்லாவிட்டால் டிவிஷன் பெயர், தோட்டத்தின் பெயர், டவுன், தபால் குறியீடு நாலையும் தவறாமல் எழுதி, கடிதத்தில் பதிலை மின்னஞ்சலில் தாருங்கள் என்று ஒரு வரி சேருங்கள்.

இனி நம் அலங்காரங்கள். முன்னுரை, அணிந்துரை, வாழ்த்துரை, என்னுரை, நன்றியுரை, சமர்ப்பணம், பேராசிரியர் ஒருவர் கையெழுத்துப் போட்ட ஆசியுரை, ஆசிரியரின் பாஸ்போர்ட் சைஸ் படம். தமிழ்ப் புத்தகம் ஒன்றைத் திறந்தால் கதை தொடங்க இருபது பக்கம் தள்ள வேண்டும், நாம் அதிலேயே வளர்ந்தவர்கள், பிரதியும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துவிடுகிறோம். முகவருக்கு இதில் ஒன்றும் வேண்டாம். தலைப்புப் பக்கத்துக்கு அடுத்த தாளில் முதல் அத்தியாயம். சான்றிதழ்களின் போட்டோ கொப்பியும் வேண்டாம். தெரிந்த ஒருவர், நல்ல கவிஞர், சாகித்திய விழாவில் பொன்னாடை போட்ட படத்தை வைத்து அனுப்பினார், கிராம சேவகரிடமும் ஒரு கடிதம் வாங்கி வைக்கவில்லையா என்று கேட்டேன், கோபித்துக்கொண்டார்.

கடிதம் ஒரு பக்கம், ஒற்றை இடைவெளி. முகவரின் பெயரைப் போட்டுத் தொடங்குங்கள், 'மரியாதைக்குரிய ஐயா அல்லது அம்மணி' என்று அரசாங்கக் கச்சேரிக்கு மனுப் போடுகிற மாதிரி வேண்டாம். நாவல் எதைப் பற்றியது என்று மூன்று நாலு வரி, எத்தனை சொல், எந்த வகை, ஏன் இவரைத் தேடி அனுப்புகிறீர்கள், நீங்கள் யார். அவ்வளவுதான். என் முதல் கடிதம் எங்கள் ஆட்களின் சரித்திரத்தை 1823இலிருந்து தொடங்கியது. கோப்பித் தோட்டம், அப்புறம் தேயிலை, எங்களை நாடற்றவர்களாக்கிய 1948 குடியுரிமைச் சட்டம், பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் என்று ஒன்றரைப் பக்கம் போய், நாவலைப் பற்றி ஐந்து வரியில் முடிந்தது. நம்மை யார் என்று வெளியே தெரியாது என்கிற ஆதங்கத்தில் நம் கை இப்படித்தான் ஓடும், அது பிழை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்த இடம் கடிதம் இல்லை. இலங்கையின் மலைநாட்டுத் தோட்டங்களில் இருநூறு வருடமாக வாழும் தமிழர்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, கதையில் வரும் ஆள் என்ன கேட்கிறாள், எது தடுக்கிறது என்பதற்குப் போய்விடுங்கள்.

கதைச்சுருக்கம் வேறு தாள், ஒரு பக்கம், இரண்டுக்கு மேல் போகவே கூடாது. இதில் முடிவைச் சொல்லியாக வேண்டும். பழைய சினிமாப் பாட்டுப் புத்தகத்தில் 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று போடுவார்களே, அந்த வேலை இங்கே ஆகாது. யார் செத்தார்கள், யார் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள், கடைசியில் வீடு கிடைத்ததா இல்லையா எல்லாவற்றையும் நிகழ்காலத்தில் நேராக எழுதுங்கள். கதை கடைசிவரை நிற்கிறதா என்று பார்க்கத்தான் அவர் இதைக் கேட்கிறார்.

ஆங்கிலப் பிரதிக்குள் நம் தோட்டத்துச் சொற்களை என்ன செய்வது என்று ஒரு கேள்வி வரும். கங்காணி, பெரட்டு, லயம், கொழுந்து, பேர் போடுவது. நான் விட்டுவைத்தேன், அடைப்புக்குள் விளக்கமும் தரவில்லை, கடைசியில் சொல்லகராதியும் சேர்க்கவில்லை. வாக்கியம் ஒழுங்காக இருந்தால் அர்த்தம் தன்னாலே வரும் என்பது என் அபிப்பிராயம், உங்களுடையது வேறாக இருக்கலாம். ஆனால் எழுத்துக்கூட்டல் விஷயத்தில் அபிப்பிராயத்துக்கு இடமில்லை. என் பிரதியில் கங்காணி மூன்று விதமாக இருந்தார்: ஒரு அத்தியாயத்தில் நடுவே 'ஜீ', இன்னொன்றில் 'கே', வேறொன்றில் கடைசியில் இரண்டு 'ஈ'. ஒரு கொப்பியில் இப்படியான சொற்களையும் ஊர்ப் பெயர்களையும் ஆட்களின் பெயர்களையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரே கூட்டல் என்று முடிவெடுத்து, தேடி மாற்றும் வசதியால் முழுப் பிரதியையும் ஒரு சுற்று ஓட்டுங்கள். ஒரு ராத்திரி வேலை.

தமிழ்ப் பிரதியைப் பதிப்பாளருக்கோ போட்டிக்கோ அனுப்புகிறவர்களுக்கு இன்னொரு தலையிடி இருக்கிறது, பாமினி என்கிற எழுத்துரு. இலங்கையில் நம்மில் பாதிப் பேர் பாமினியில்தான் தட்டச்சுப் பழகினோம். வீட்டில் அழகாகத் தெரியும், கடையில் திறந்தால் பாமினி இல்லாத கொம்பியூட்டரில் 'அம்மா' என்று அடித்த இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும், இருநூறு பக்கமும் அப்படியே. எழுத்து கெட்டுப்போகவில்லை, பாமினி என்பது ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தி வைத்தது, போர்வை இல்லாத இடத்தில் உள்ளே இருப்பது தெரிகிறது. எந்தக் கொம்பியூட்டரிலும் தமிழாகவே தெரிகிற யுனிகோடுக்கு மாற்றுகிற கருவிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன, மாற்றிவிடுங்கள், மாற்றிய பிறகு முழுசாக ஒரு தடவை வாசியுங்கள், நடுவே வந்த ஆங்கிலச் சொல்லும் மேற்கோள் குறியும் தமிழாகி உளறிக்கொண்டிருக்கும். தமிழுக்கு 12 புள்ளி போதும், இடைவெளி ஒன்றரை வைத்தாலே கண்ணுக்கு நன்றாக இருக்கிறது, மற்றதெல்லாம் மேலே சொன்னபடிதான்.

எந்த மொழியானாலும் கடைக்குப் போகும்போது பிடிஎப் ஆக்கிக்கொண்டு போங்கள். வேர்ட் கோப்பைக் கடைக் கொம்பியூட்டரில் திறந்தால் எழுத்துரு மாறும், பக்கம் மாறும், 47ஆம் பக்கம் 49 ஆகும். பென்டிரைவில் அந்த ஒரு கோப்பு மட்டும் இருக்கட்டும். கடைக் கொம்பியூட்டர்களில் வைரஸ் தாராளமாக இருக்கும், நாவலின் ஒரே பிரதியைச் சுமந்துகொண்டு அங்கே போவது கைக்குழந்தையைச் சந்தையில் யாரிடமோ கொடுத்துவிட்டு மீன் வாங்கப் போவது மாதிரி. மின்னஞ்சலில் உங்களுக்கே ஒன்று அனுப்பி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

கடையில் சொல்ல வேண்டியதைச் சொல்லாவிட்டால் அவர்கள் பழக்கத்துக்கு அடித்துவிடுவார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது, நாளெல்லாம் பரீட்சைப் பழைய வினாத்தாளும் விண்ணப்பப் படிவமும் அடிக்கிற கை. "தம்பி, லேசர்ல அடிங்க, ஒத்தப் பக்கம், 80 ஜிஎஸ்எம் தாள், பக்கத்தச் சுருக்காதீங்க, மொதல்ல மூணு பக்கம் அடிச்சுக் காட்டுங்க" என்று வரிசையில் நிற்கும்போதே சொல்லிவிடுவேன். ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீற்றர் தாளின் நிறை, கிராமில். இங்க் பிரிண்டர் நம் ஊருக்கு ஆகாது, ஈரக் கையால் தொட்டாலே எழுத்து கரைந்து ஓடும். அந்த மூன்று பக்கத்தையும் வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: எழுத்து கறுப்பாக இருக்கிறதா, சாம்பலாக இருக்கிறதா, நெடுக்காக ஒரு வெள்ளைக் கோடு ஓடுகிறதா, ஓரம் நாலு பக்கமும் சரியா. டோனர் என்கிற மைத்தூளைச் சேமிக்கிற முறையில் போட்டிருந்தால் சாம்பலாகத்தான் வரும், அதை எடுக்கச் சொல்லுங்கள். முழுசையும் ஒரே பிரிண்டரில் அடிக்க வேண்டும். பாதியில் கரண்ட் போனால் பொறுத்திருந்து அங்கேயே முடியுங்கள், மிச்சத்தை அடுத்த கடையில் அடித்தால் தாளின் வெள்ளையும் எழுத்தின் கறுப்பும் வேறு வேறாக இருக்கும்.

தாள் பற்றி மலைநாட்டுக்காரனாகக் கொஞ்சம் பேச வேண்டும். ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கம் மே தொடக்கம் செப்டம்பர் வரை தென்மேற்கு மழை, ஊவாப் பக்கம் வருடக் கடைசியில் பிடித்துக்கொள்ளும், நடுவில் இருக்கும் நாளிலும் பின்னேரம் மூன்று மணிக்கே மூட்டம் வாசலுக்கு வந்து நிற்கும். பிரித்து வைத்த தாள் கட்டு இந்தக் காற்றில் இருக்கிற ஈரத்தை எல்லாம் குடித்துவிடும். ஈரத் தாள் லேசர் பிரிண்டரின் சூட்டில் வெளியே வரும்போது வெற்றிலை மாதிரிச் சுருளும், இரண்டு மூன்றாக ஒட்டிக்கொண்டு இழுபடும், நடுவே ஒரு வெற்றுத் தாள் வந்து விழும். கடையில் திறந்து கிடக்கும் தாளில் அடிக்காமல் புதுக் கட்டு ஒன்றை உறை கிழிக்காமல் நீங்களே வாங்கிக்கொண்டு போவது நல்லது. 2022இல் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகளே தள்ளிப்போனது ஞாபகம் இருக்கும், அந்த வருடத்துக்குப் பிறகு நான் ஒரு கட்டு எப்போதும் அலுமாரியில் பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருக்கிறேன். அடித்து வந்த தாள்கள் சுருண்டிருந்தால் தட்டி நேராக்கி, தட்டையான பலகைக்கு நடுவே வைத்து, மேலே அரிசி மூட்டையோ கனமான புத்தகமோ ஒரு ராத்திரி ஏற்றுங்கள். அடுப்பங்கரையில் காய வைக்க வேண்டாம். விறகடுப்பு வீட்டில் தாள் இரண்டு நாளில் புகை மணம் பிடித்துவிடும், ஓரம் மஞ்சளாகும், நமக்கு மூக்குப் பழகிப்போய் தெரியாது, உறையைத் திறக்கிறவருக்கு முதலில் அதுதான் தெரியும். என் இரண்டாவது கட்டில் 31ஆம் பக்கத்தின் மூலையில் தேத்தண்ணிக் கோப்பை வட்டம் ஒன்று அரைவாசி பதிந்திருந்தது. அந்த ஒரு பக்கத்தை மட்டும் திரும்ப அடித்து வைத்தேன், பக்கத் தலைப்பில் எண் இருந்ததால் அது முடிந்தது.

எண்ணிப் பாருங்கள். சும்மா புரட்டிப் பார்ப்பது காணாது, மேசையில் வைத்து ஒவ்வொரு தாளாக மாற்றி வைத்து, எண்ணை வாயால் சொல்லி எண்ணுங்கள், வீட்டில் ஒரு பிள்ளை இருந்தால் அதனிடம் கொடுத்தால் சந்தோசமாகச் செய்யும். ஒரு தடவை 112க்குப் பிறகு 114 வந்தது. பிரிண்டருக்குள் சிக்கிக் கசங்கிய தாளைக் கடைத் தம்பி எடுத்துப் போட்டவர் திரும்ப அடிக்க மறந்துவிட்டார், நான் வீட்டில் எண்ணியிருக்காவிட்டால் கதையில் கிழவி செத்த இடமே இல்லாமல் அடுத்த பக்கம் பாடை கட்டியிருக்கும். தலைகீழாக வந்த தாளும் இப்போதுதான் அகப்படும்.

அடுக்குகிற முறை: மேலே கடிதம், அடுத்து கதைச்சுருக்கம், அடுத்து தலைப்புப் பக்கம், அதன் கீழே அத்தியாயங்கள். கடிதத்தையும் சுருக்கத்தையும் ஒரு கிளிப்பில் பிடிக்கலாம். பிரதிக்கு ஸ்டேப்ளர் இல்லை, ஓட்டை இல்லை, ஊசி இல்லை, குறுக்கே ஒரு றப்பர் பட்டி, தடித்த கட்டென்றால் நெடுக்கேயும் ஒன்று. பட்டி தாளின் ஓரத்தை வெட்டாமல் இருக்க மேலும் கீழும் ஏ4 அளவில் ஒரு மட்டை வைத்துவிடுங்கள், பிஸ்கட் பெட்டி அட்டை தாராளம். அதைப் பொலித்தீன் உறையில் போட்டு, அப்புறம் பழுப்பு உறையில். உறை 229க்கு 324 மில்லிமீற்றர், சி4 என்று கேட்டால் தருவார்கள், ஏ4 மடிக்காமல் உள்ளே போகும்.

நிறையை வீட்டிலேயே கணக்குப் பண்ணிவிடலாம். 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று 5 கிராம். 50 பக்கம் 250 கிராம், மட்டையும் உறையும் சேர்த்தால் முன்னூறைத் தாண்டும். முழு நாவல் 290 தாள் என்றால் தாளே 1 கிலோ 450 கிராம். வெளிநாட்டுக்குக் கடிதமாகப் போகிற தபாலுக்கு உச்ச வரம்பு 2 கிலோ, அதற்குள் நிற்கும், ஆனால் முத்திரைக் காசைக் கேட்டால் தலை சுற்றும். கேட்காமல் முழுப் பிரதியை அனுப்பக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழைய புத்தகங்களில் முத்திரை ஒட்டிய சுய முகவரி உறை ஒன்று உள்ளே வைக்கச் சொல்லியிருப்பார்கள். நானும் கெட்டிக்காரத்தனமாக வைத்தேன், இலங்கை முத்திரை ஒட்டி. மச்சான்தான் சிரித்துவிட்டுக் கேட்டான், லண்டன் தபாலில் நம் முத்திரையை யார் ஏற்றுக்கொள்வார்கள் என்று. அது அங்கே வெறும் படம்தான். பிரதியைத் திருப்பி அனுப்ப வேண்டாம், பதிலை மின்னஞ்சலில் தந்தால் போதும் என்று கடிதத்தின் கடைசியில் எழுதிவிட்டால் இந்த உறையே தேவையில்லை.

நான் கடைசியாக அனுப்பியது நுவரெலியாத் தபாலகத்தில், 1894இல் கட்டிய அந்தச் சிவப்புச் செங்கல் கட்டடம், வாசலில் சுற்றுலாக்காரர்கள் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பதிவுத் தபாலில் போடுங்கள், சாதாரணத் தபாலில் போட்டுவிட்டு மூன்று மாசம் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று தூக்கம் கெடுவதற்கு அந்தக் காசு பரவாயில்லை. அனுப்புநர் முகவரி உறையின் மேலேயும் இருக்கட்டும், ஊற்றுப் பேனாவால் எழுதாதீர்கள், நனைந்தால் போய்விடும். பற்றுச்சீட்டை வாங்கி, எல்லாச் சொற்களையும் எழுதி வைத்த அதே கொப்பியின் பின் அட்டையில் ஒட்டிவைத்து, பக்கத்தில் தேதி, யாருக்கு, எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் வரை, எப்போது பதில் தருவதாகச் சொல்லியிருக்கிறார் என்று எழுதுங்கள். சிலர் எட்டு வாரம் என்பார்கள், சிலர் பன்னிரண்டு, சிலர் பதில் இல்லாவிட்டால் வேண்டாம் என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். தபால் போகிற நாளையும் அதோடு கூட்டி, அந்தத் தேதி தாண்டிய பிறகு ஒரே ஒரு மின்னஞ்சல், நாலு வரியில். அதற்கு முன்னால் கேட்க வேண்டாம், தொலைபேசி எடுக்கவே வேண்டாம், நேர வித்தியாசத்தில் அங்கே விடியாமல் இருக்கும்.